கிரீட் தீவில் சாப்பிடப் போகிறவர்களுக்கு: டாகோஸ் முதல் ராக்கி வரை ஒரு முழு வழிகாட்டி

ஹானியா துறைமுகத்தில் முதல் நாள் மதியம் நான் சாப்பிட்டது மூசாக்கா, ஃபெட்டா போட்ட சாலட், ஒரு கிரோஸ். எதிரே பழைய வெனீசியக் கலங்கரை விளக்கம், மேசையில் படம் போட்ட மெனு அட்டை. சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்றும் கிரீஸில் எங்கே போனாலும் கிடைப்பவை. அதற்காகக் கிரீட் வரை வந்திருக்க வேண்டாம். ஃபெட்டா என்ற பெயரில் சீஸ் செய்ய ஐரோப்பியச் சட்டம் அனுமதிக்கும் பகுதிகளின் பட்டியலில் கிரீட்டே கிடையாது. அந்தத் தீவுக்கு அதைவிட ருசியான சொந்தச் சீஸ்கள் இருக்கின்றன. அவை அந்த அட்டையில் கடைசிப் பக்கத்தில், படம் இல்லாமல் கிடந்தன.

கிரீட் ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. சுற்றிலும் கடல் என்பதால் மீன்தான் பிரதானம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். தீவின் முதுகு முழுக்க மலை. மேற்கே வெள்ளை மலைகள், நடுவே 2,456 மீட்டர் உயரமுள்ள ப்ஸிலோரீதிஸ், கிழக்கே திக்தி. சமையல் அந்த மலைகளில்தான் உருவானது: பார்லி, ஆலிவ், ஆட்டுப்பால், காட்டுக்கீரை, நத்தை. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் நன்றாகச் சாப்பிடலாம் என்று நான் சொல்வது பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

படி 1: எந்த மாதம் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

இங்கே மெனுவை எழுதுவது பருவமும் நோன்பும்தான். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் போனால், ராக்கி என்ற திராட்சைச் சாராயம் காய்ச்சும் காலம். நவம்பர் முதல் ஜனவரி வரை ஆலிவ் அறுவடை. செக்கிலிருந்து வந்த புது எண்ணெய் பச்சையாக, தொண்டையில் மிளகு மாதிரி சுள்ளென்று இறங்கும். மார்ச் முதல் மே வரை காட்டுக்கீரையும் ஆர்ட்டிசோக்கும். கோடையில் தக்காளி, கத்தரிக்காய், சுக்கினிப் பூ. குளிர்காலத்தில் கடற்கரை ஊர்களில் பல கடைகள் மூடிக் கிடக்கும். ஹெராக்லியோன், ஹானியா, ரெத்திம்னோ நகரங்களில் அந்தக் கவலை இல்லை.

அடுத்தது நோன்பு. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நாட்காட்டியில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாட்கள் ஏதாவதொரு நோன்புக்குள் வரும். எல்லோரும் எல்லாவற்றையும் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பிலும், ஆகஸ்ட் 1 முதல் 14 வரை மாதா திருநாளுக்கு முன் வரும் நோன்பிலும் சமையலறைகள் கண்கூடாக மாறும். இறைச்சி, பால், முட்டை, மீன் எதுவும் இல்லாத சமையலுக்கு ‘நிஸ்தீசிமா’ என்று பெயர். 2027இல் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 2. நோன்பு தொடங்கும் ‘சுத்தத் திங்கள்’ மார்ச் 15. சைவம் சாப்பிடுகிறவர்கள் அந்த ஏழு வாரங்களில் பயணம் வைத்தால் பாதிச் சிரமம் தீர்ந்தது. மீதிப் பாதியைப் படி 5இல் சொல்கிறேன்.

படி 2: எந்த வாசலில் நுழைவது

‘தவேர்னா’ என்ற பலகை எல்லா இடத்திலும் தொங்கும். பலகையைவிட உள்ளே நடப்பதைப் பாருங்கள். காலையிலேயே பெரிய தட்டுகளில் சமைத்து, கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் கடை என்றால் தைரியமாக நுழையலாம். அந்தச் சமையலுக்கு ‘மாயிரெஃப்தா’ என்று பெயர், சமைத்து வைத்தது என்று பொருள். அங்கே மெனு அட்டையே தேவையில்லை. கண்ணாடி அருகே போய் விரலால் காட்டினால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த வகைக் கடைகளில் மதியமே நல்ல நேரம். இரவு ஒன்பதுக்குப் போனால் மிச்சம் மீதிதான்.

‘கஃபெனியோ’ என்பது கிராமத்துக் காப்பிக்கடை. முதியவர்கள் பகடை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காப்பி மட்டும்தான் என்று தோன்றும், ஆனால் ராக்கி கேட்டால் கூடவே ஆலிவ், வெள்ளரித் துண்டு, சீஸ், சில சமயம் ஒரு முட்டை என்று சின்னத் தட்டு ஒன்று வரும். ‘ரகாதிக்கோ’ என்றால் அதையே மாலை நேரத் தொழிலாகச் செய்யும் கடை. சின்னச் சின்னத் தட்டுகளாக வாங்கி நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவது அங்கே முறை. ‘ஃபூர்னோஸ்’ என்பது ரொட்டிக்கடை. காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கு அதுவே போதும்.

ஆளுக்கு ஒரு தட்டு என்று ஆர்டர் செய்ய வேண்டாம். இரண்டு பேருக்கு மூன்று தட்டு, நடுவில். ரொட்டிக்குத் தனியாகச் சிறு தொகை பில்லில் இருக்கும், அது வழக்கம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சுற்றிலும் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்ய இடம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்: ‘தி எஹெதெ சீமெரா?’ இன்று என்ன இருக்கிறது? இதைக் கேட்டவுடன் மெனு அட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிடும் கடைக்காரர்கள் உண்டு. அப்படி நடந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

படி 3: காலையில் பூகாட்சா

மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே மிஸித்ரா சீஸோ ரவைக் கிரீமோ வைத்துச் சுட்டு, அகலக் கத்தியால் சதக் சதக்கென்று துண்டு போட்டுத் தருவார்கள். ஹானியாவில் புளிப்பும் உப்புமான சீஸ் பூகாட்சா. அதன்மேல் சர்க்கரை தூவிச் சாப்பிடுகிறார்கள். உப்பும் சர்க்கரையுமா என்று முகம் சுளிக்காமல் ஒரு வாய் போட்டுப் பாருங்கள். ஹெராக்லியோனில் சிங்க நீரூற்றுச் சதுக்கத்தைச் சுற்றி இதற்கென்றே பழைய கடைகள் உண்டு. 1922இல் ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கி) அகதிகளாக வந்தவர்களின் கைப்பழக்கம் இந்தப் பலகாரத்தில் இருக்கிறது.

காப்பி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கிரேக்கக் காப்பி சிறு செம்புப் பாத்திரத்தில் பொடியோடு கொதிக்கவைத்து அப்படியே ஊற்றப்படும். பால் கிடையாது. சர்க்கரையை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் போட்டுக் கலக்கக் கூடாது: ‘ஸ்கேத்தோ’ என்றால் சர்க்கரை இல்லாமல், ‘மேத்ரியோ’ நடுத்தரம், ‘கிளிக்கோ’ இனிப்பு. அடியில் அரை விரல் உயரத்துக்கு மண்டி நிற்கும். டிகிரி காப்பி நினைப்பில் கடைசி மடக்கு வரை உறிஞ்சினால் வாயெல்லாம் பொடி.

படி 4: டாகோஸைச் சரியாகச் சாப்பிடுவது

பக்ஸிமாதி என்பது இருமுறை சுட்ட பார்லி ரொட்டி. முதலில் ரொட்டியாகச் சுட்டு, பிளந்து, அடங்கிய சூட்டில் பல மணி நேரம் காயவிடுவார்கள். ஈரம் முழுக்கப் போனபின் மாதக்கணக்கில் கெடாது. ஆடு மேய்க்க மலைக்குப் போகிறவனும் கப்பலேறுகிறவனும் பையில் போட்டுக்கொண்டு போன ரொட்டி. அதை வாங்கி அப்படியே கடித்தேன். கடைவாய்ப் பல் இரண்டு நாள் வலித்தது.

அதற்கு வழி தண்ணீர். குழாயடியில் இரண்டு நொடி காட்டி எடுத்தால் போதும். ஊறவைத்தால் களியாகிவிடும். ஓரம் கடினமாகவும் நடு லேசாக இளகியும் இருக்க வேண்டும். அதன்மேல் ஆலிவ் எண்ணெய், தோல் இல்லாமல் துருவிய தக்காளி, பிறகு மிஸித்ரா, கடைசியில் உலர்ந்த ஓரிகானோவும் இன்னும் கொஞ்சம் எண்ணெயும். இதுதான் டாகோஸ். சில ஊர்களில் இதற்கு ‘குகுவாயா’ என்று பெயர், ஆந்தை என்று அர்த்தம். தட்டு வந்தவுடன் பாயாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். தக்காளிச் சாறும் எண்ணெயும் அடிவரை இறங்கட்டும்.

நல்ல டாகோஸுக்கு நல்ல தக்காளி வேண்டும். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். ஜனவரியில் கேட்டால் தருவார்கள், நான் கேட்க மாட்டேன். மேலே இருப்பது ஃபெட்டாவாக இருந்தால் அந்தக் கடையில் அடுத்த தட்டை யோசித்து வாங்குங்கள். கொழகொழவென்று, லேசாகப் புளிப்பாக இருக்கும் ‘ஸீனோமிஸித்ரா’தான் உரியது.

படி 5: கீரை கேளுங்கள், சைவர்கள் கூடவே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்

‘ஹோர்தா’ என்றால் கீரை. அதுவும் பெரும்பாலும் காட்டில் பறித்தது. வேகவைத்து, வடித்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றி வைப்பார்கள். வேறு எதுவும் இல்லை. தாளிப்பு இல்லையே என்று முதல் நாள் தோன்றும், மூன்றாம் நாள் தோன்றாது. எண்ணெய்தான் தாளிப்பின் வேலையைச் செய்கிறது என்று நாக்குக்குப் புரிந்துவிடும். தட்டில் மிஞ்சிய பச்சைத் தண்ணீரை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது அங்கே மரியாதைக் குறைவில்லை.

குளிர்காலத்திலும் வசந்தத்திலும் கேட்க வேண்டிய பெயர் ‘ஸ்தம்னகாதி’. முள்புதராக வளரும் ஒரு வகைச் சிக்கரி. முள்ளுக்கு நடுவே கைவிட்டுப் பறித்து, ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும், அதனால் விலை கொஞ்சம் கூட. இப்போது பயிரிடவும் செய்கிறார்கள். அதன் கசப்பு பாகற்காய் பழகிய நாக்குக்குப் பெரிய விஷயமே இல்லை. கோடையில் ‘வ்லீதா’ கேளுங்கள். தண்டோடு வெந்து வரும் தட்டைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கும். பார்த்ததுதான்: நம் தண்டுக்கீரை, அரைக்கீரை எல்லாம் சேர்ந்த அதே அமராந்தஸ் குடும்பம். கோடைச் சாலடில் சதைப்பற்றான சின்ன இலைகள் கிடந்தால் அது ‘கிளிஸ்த்ரீதா’, நம் பருப்புக்கீரையேதான். நாம் பருப்பில் போட்டுக் கடைகிறோம், அவர்கள் பச்சையாகவே தின்கிறார்கள்.

கீரைக்கு அடுத்தது ‘லாதெரா’. ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வேகவைத்த காய்கறி என்று பொருள். பச்சை பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய், அகன்ற அவரையோடு ஆர்ட்டிசோக். வெண்டைக்காயை அவர்கள் ‘பாமியெஸ்’ என்கிறார்கள், தக்காளியில் முழுசாக வேகவைக்கிறார்கள். எண்ணெய் மிதக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அந்த உணவின் இயல்பே அது. அரிசியும் மூலிகையும் வைத்துச் சுருட்டிய திராட்சை இலை, அதே பூரணம் வைத்த சுக்கினிப் பூ, மஞ்சள் பட்டாணியை மசித்த ‘ஃபாவா’, இவையெல்லாம் சேர்ந்தால் ஒரு வாரம் சலிக்காமல் ஓட்டலாம்.

இப்போது அந்த மீதிப் பாதி. நிஸ்தீசிமா என்றால் நம் கணக்கில் சைவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்தம் இல்லாத உயிர்களை நோன்பில் சாப்பிடலாம் என்பது அவர்கள் விதி. கணவாய், ஆக்டோபஸ், இறால், நத்தை எல்லாம் நோன்புச் சாப்பாட்டில் வரும். சோற்றையும் நம்ப முடியாது. பல இடங்களில் இறைச்சி வேகவைத்த சாறில்தான் அரிசி வேகும். அடைத்த காய்களில் சில வீடுகளில் கொத்துக்கறியும் போடுவார்கள். ஆகவே இந்த வாக்கியங்களை எழுதிக்கொண்டு போங்கள்:

- ‘ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்ஸாரி’: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்.
- ‘ஹோரிஸ் ஸொமோ க்ரேயாதொஸ்’: இறைச்சிச் சாறு இல்லாமல்.
- ‘ஹோரிஸ் அவ்கோ’: முட்டை இல்லாமல்.

சீஸ்கள் பாரம்பரியமாக விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டில்தான் உறைய வைக்கப்படுகின்றன. அதுவும் கூடாது என்பவர்கள் சீஸைத் தவிர்த்துவிடுங்கள். காரம் என்ற சொல்லுக்கு இந்தச் சமையலில் இடமே இல்லை. பையில் ஊறுகாய்ப் பாட்டில் வைத்திருக்கிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன், ஆனால் முதல் இரண்டு நாள் அதைத் திறக்காமல் இருந்து பாருங்கள்.

இந்தக் கீரையும் எண்ணெயும்தான் கிரீட்டை உலகுக்குத் தெரியவைத்தன. 1948இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சார்பில் லேலண்ட் ஆல்பா என்பவர் தீவில் விரிவான ஆய்வு நடத்தினார். மக்கள் சாப்பிட்டது தானியம், பருப்பு, கீரை, பழம், எக்கச்சக்கமாக ஆலிவ் எண்ணெய், இறைச்சி அபூர்வம். பிறகு அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸின் ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட் ஆண்களிடையே இதயநோய் மரணம் மிகக் குறைவாக இருப்பது தெரிந்து, ‘மத்தியதரைக்கடல் உணவு’ என்ற பேச்சு பெரிதானது. ஆல்பா கேட்டபோது அந்த மக்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? எங்களுக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி கிடைத்தால் நன்றாயிருக்கும் என்றார்கள். இப்போது அது கிடைக்கிறது. அதனால்தான் இன்றைய தவேர்னாவின் இறைச்சிப் பக்கம் கீரைப் பக்கத்தைவிட நீளம்.

படி 6: இறைச்சியும் நத்தையும்

இறைச்சிக்கு மலையேறுங்கள். ப்ஸிலோரீதிஸ் சரிவில் உள்ள அனோயா கிராமம் ‘அந்திக்ரிஸ்தோ’வுக்குப் பேர்போனது. ஆட்டுக்குட்டியை நான்கு பெரிய துண்டாக்கி, உப்பு மட்டும் போட்டு, நீளக் கம்பிகளில் குத்தி, தீயைச் சுற்றி நிற்கவைப்பார்கள். தீக்கு மேலே வைப்பதில்லை, எதிரே வைக்கிறார்கள். பெயரின் பொருளும் ‘எதிரே’ என்பதுதான். சூடும் காற்றும் சேர்ந்து பல மணி நேரத்தில் வேகவைக்கும். மசாலா எதுவும் கிடையாது. ஆடு தின்ற மலைத்தழையின் மணம்தான் மசாலா. மதியச் சாப்பாட்டுக்குப் போவதென்றால் முந்தைய நாளே ஃபோன் செய்து சொல்லிவிடுவது நல்லது.

மேற்கே ஸ்ஃபாக்கியா பக்கம் போனால் ‘ட்ஸிகாரியாஸ்தோ’. ஆட்டுக்கறியை ஆலிவ் எண்ணெயில் மெல்லிய தீயில் அதன் சாறிலேயே வேகவிடுவது. பன்றி சாப்பிடுகிறவர்களுக்கு வினிகரில் ஊறி, மூலிகைப் புகையில் பதமான ‘அபாக்கி’.

கல்யாணச் சாப்பாடான ‘கமோபிலாஃபோ’வைத் தவறவிட வேண்டாம். ஆட்டுக்கறியும் கோழியும் வெந்த சாறில் அரிசியைக் குழைய வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து, மேலே ‘ஸ்டாக்கா’ வெண்ணெயை உருக்கி ஊற்றுவது. கிரீட் கல்யாணத்தில் ஆயிரம் பேர் வருவதெல்லாம் சாதாரணம், அத்தனை பேருக்கும் இதுதான். பார்க்க வெறும் வெள்ளைச் சோறு. வாயில் வைத்தால்தான் தெரியும். கல்யாணத்துக்கு அழைப்பு இல்லாதவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சில தவேர்னாக்கள் செய்கின்றன. ஸ்டாக்கா என்பது ஆட்டுப்பால் ஆடையைச் சேர்த்து, கொஞ்சம் மாவு போட்டுக் காய்ச்சுவது. பிரிந்து மேலே வருவது நெய் போன்ற வெண்ணெய். கீழே தங்கும் கெட்டிக் குழம்பு ஸ்டாக்கா. அதில் முட்டை உடைத்து ஊற்றித் தருவார்கள். ருசி பிரமாதம், ஆனால் ஒரு தட்டை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், தனியாளாக முடித்தால் அன்றைய பயணத் திட்டம் படுக்கைதான்.

நத்தை. ‘ஹொஹ்லி பூபூரிஸ்தி’. பெயரில் உள்ள ‘பூபூரிஸ்தி’ குப்புற என்ற பொருளில் வருவது. காய்ந்த சட்டியில் கல்லுப்பைப் பரப்பி, நத்தைகளைக் குப்புறக் கவிழ்த்து வறுத்து, எண்ணெய் விட்டு, வினிகரும் ரோஸ்மேரியும் சேர்த்து இறக்குவார்கள். வினிகர் விழும்போது எழும் சீற்றத்தைச் சமையலறை வாசலிலிருந்தே கேட்கலாம். முள்கரண்டி அல்லது பல்குச்சியால் திருகி எடுத்து, ஓட்டில் மிஞ்சிய சாறை உறிஞ்ச வேண்டும். வயல் நண்டு, நத்தை தின்று வளர்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

மீனைப் பற்றிச் சுருக்கமாக: விலை கிலோக் கணக்கில். சமைப்பதற்கு முன் எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மெனுவில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்தது. காட்டுச் சோம்புக் கீரையும் பச்சை ஆலிவும் போட்டுச் சமைத்த கணவாய் இருந்தால் வறுத்த மீனை விட்டுவிட்டு அதை வாங்குங்கள். மலைக்கு நடுவே ஸாரோஸ் என்ற ஊரில் ஊற்றுத் தண்ணீரில் வளர்க்கும் ட்ரவுட் மீனும் நன்றாக இருக்கும்.

படி 7: சீஸும் தேனும்

கிராவியேரா கெட்டியானது, ஆட்டுப்பாலில் செய்வது, வயதாக வயதாகக் கொட்டைகளின் ருசி வரும். மலைமேல் ‘மிதாதோ’ என்ற கல்குடிசைகளில் மேய்ப்பர்கள் செய்துவந்த சீஸ் வழி வந்தது. தேனோடு கேளுங்கள். மிஸித்ரா புதியது, மென்மையானது. சிதீயா பக்கம் கிடைக்கும் ‘ஸீகாலோ’ தயிருக்கும் சீஸுக்கும் நடுவே நிற்கும். தயிர்ச்சாத ஏக்கம் வந்தால் அதுவே மருந்து.

இந்த சீஸ்கள் பலகாரத்துக்குள் போகும்போது இன்னும் நன்றாக இருக்கும். ‘கலிட்சூனியா’ சின்னச் சின்னப் பூரணப் பலகாரம். சீஸ் வைத்தது, கீரை வைத்தது இரண்டும் உண்டு. ‘ஸ்ஃபாக்கியானி பீத்தா’வைச் செய்கிறவரின் கையைப் பாருங்கள்: மாவு உருண்டைக்குள் சீஸை வைத்து மூடி, தட்டையாகத் தேய்த்து, எண்ணெய் இல்லாத கல்லில் சுட்டு, மேலே தேன். போளி செய்யத் தெரிந்தவர் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்ய ஆரம்பித்துவிடுவார். ஹானியாவின் ‘பூரெக்கி’ இனிப்பில்லை; சுக்கினி, உருளைக்கிழங்கு, மிஸித்ரா, புதினா அடுக்கிச் சுட்டது. சைவர்களுக்கு நல்ல மதியச் சாப்பாடு.

படி 8: குடிப்பது

முதலில் மூலிகைத் தேநீர், ஏனென்றால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ‘மலோதீரா’ மலைத்தேநீர், சளிக்கு வீட்டுக்கு வீடு இதுதான். ‘திக்தமோஸ்’ கிரீட்டில் மட்டுமே இயற்கையாக வளரும் செடி, செங்குத்தான பாறை இடுக்குகளில் முளைப்பது. அம்பு பட்ட காட்டாடுகள் இதைத் தேடித் தின்னும் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். பறிக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்தவர்கள் உண்டு. இப்போது எம்பாரோஸ் ஊரில் பயிராகிறது.

திராட்சை மது இங்கே பழைய விஷயம். அர்ஹானேஸ் அருகே வாத்திபெத்ரோவில் ஏறக்குறைய 3,500 ஆண்டுப் பழமையான, தீவின் பண்டைய நாகரிகமான மினோவன் காலத்துத் திராட்சைப் பிழிதொட்டி இன்னும் இருக்கிறது. தவேர்னாவில் வீட்டு மதுவைக் கிலோக் கணக்கில் கேட்க வேண்டும், தண்ணீரைக் கிலோவில் கேட்பது போல வேடிக்கையாக இருக்கும். ‘மிஸோ கிலோ’ என்றால் அரை லிட்டர் குடுவை வரும். அந்த மதுவின் தரம் ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வாக இருக்கும். பாட்டிலில் வாங்குவதானால் வெள்ளையில் விதியானோ, சிவப்பில் லியாத்திக்கோ. ஒரு கட்டத்தில் அழிந்துபோகும் நிலையில் இருந்த தாஃப்னி, ப்ளித்தோ திராட்சைகளும் மீட்கப்பட்டு மறுபடியும் கிடைக்கின்றன. தாஃப்னியில் பிரிஞ்சி இலை மணம் அடிக்கும்.

இனி ராக்கி. இதன் முறையான பெயர் ‘ட்சிகுதியா’. துருக்கிய ராக்கியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதில் சோம்பு வாசனை உண்டு, இதில் கிடையாது. மது பிழிந்தபின் மிஞ்சும் திராட்சைத் தோலையும் விதையையும் சில வாரங்கள் புளிக்கவைத்து, செப்புக் கொப்பரையில் போட்டு, மூடியின் விளிம்பை மாவு வைத்து அடைத்து, விறகுத் தீயில் காய்ச்சி வடிப்பார்கள். அந்தக் கொப்பரைக்குப் பெயர் ‘கஸானி’. காய்ச்சும் நாளே ஒரு திருவிழா. தணலில் சுட்ட உருளைக்கிழங்கு, பன்றிக்கறி, மாதுளை, லீரா என்ற நரம்பு வாத்தியத்தின் வாசிப்பு என்று இரவு நீளும். அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை கிராமப் பக்கம் தங்கினால், விடுதிக்காரரிடம் ‘கஸானி எங்கேயாவது உண்டா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருடைய மச்சான் வீட்டிலேயே இருக்கும். குழாயிலிருந்து முதலில் சொட்டுவது மிகக் கடுமையானது. அதை வீரம் காட்டிக் குடிக்க வேண்டாம்.

கடையில் சாப்பிட்டு முடித்து பில் கேட்டால், கேட்காமலே ஒரு சின்னக் குடுவை ராக்கியும் ஒரு தட்டுப் பழமோ இனிப்போ வரும். இதற்குப் பெயர் ‘கேராஸ்மா’, உபசரிப்பு. பில்லில் இருக்காது. பயணிகள் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று, நாங்கள் இதைக் கேட்கவில்லையே என்று திருப்பி அனுப்புவது. இன்னொன்று, ஒரே மடக்கில் கவிழ்ப்பது. சின்னச் சின்ன மடக்காக, எதையாவது கொறித்தபடி, ‘யா மாஸ்’ என்று கோப்பையை இடித்துவிட்டுக் குடிப்பது அவர்கள் வழக்கம். குடிக்காதவர்கள் கோப்பையை உயர்த்தி, உதட்டருகே கொண்டுபோய்க் கீழே வைத்தால் போதும், யாரும் வற்புறுத்துவதில்லை. பழத்தை மட்டும் மறுக்காதீர்கள். பக்கத்து மேசையிலிருந்து யாராவது குடுவை அனுப்பினால், எழுந்து அவரைப் பார்த்துக் கோப்பையை உயர்த்துங்கள். பதிலுக்கு உடனே ஒன்று அனுப்பினால் கணக்குத் தீர்ப்பது போலாகிவிடும், கொஞ்ச நேரம் விட்டுச் செய்யலாம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: கிரீஸில் சட்ட வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம், இருசக்கர வண்டிக்கு 0.2. மலைச்சாலையில் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் ஆடு. பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போங்கள்.

படி 9: கொண்டு வருவது

ஹெராக்லியோனின் 1866 தெருச் சந்தையில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், ஆனால் பயணிகளுக்கான விலை. ஹானியாவில் சனிக்கிழமைக் காலையில் மினோஸ் தெருவில் நடக்கும் வாரச்சந்தை எனக்குப் பிடித்தது. விளைவித்தவரே விற்கிறார், வலையில் கட்டிய உயிர் நத்தை முதல் கட்டுக் கட்டாக ஸ்தம்னகாதி வரை இருக்கும். சந்தை காலியாகுமுன் பத்து மணிக்குள் போய்விடுங்கள்.

எண்ணெயை அழகான பாட்டிலில் வாங்காமல் டின்னில் வாங்குங்கள், வெளிச்சமும் படாது, உடையவும் செய்யாது. அறுவடை ஆண்டு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கொரோநேய்க்கி என்ற குட்டி ஆலிவிலிருந்து வருவதுதான் இங்கே அதிகம். எண்ணெய், தேன், ராக்கி மூன்றும் கைப்பையில் போகாது, பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். தைம் தேன் கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் மணத்தோடு இருக்கும். கிராவியேராவைக் கடையிலேயே காற்று நீக்கிப் பொதிந்து தருவார்கள்.

ஒன்றே ஒன்று வாங்க இடம் இருக்கிறது என்றால் பார்லி பக்ஸிமாதி ஒரு பொதி. எடை குறைவு, மாதக்கணக்கில் கெடாது. ஊருக்கு வந்து நாட்டுத் தக்காளி துருவி, மிஸித்ராவுக்குப் பதிலாகத் தண்ணீர் வடித்த தயிரில் கொஞ்சம் உப்புப் போட்டு வைத்துப் பார்த்தேன், மோசமில்லை. விருந்தாளிக்குக் கொடுக்கும்போது தண்ணீர் காட்டிவிட்டுக் கொடுங்கள்.